உள்மடிப்பு

அரிசி வாங்குகிறோம், எண்ணெய் வாங்குகிறோம். துணியை மட்டும் 'எடுக்கிறோம்'. தமிழில் இந்தச் சொல் எப்படி நிலைத்தது என்று யோசித்துப் பார்த்ததுண்டு. அடுக்கிலிருந்து உருவி, விரல்களுக்கிடையே தேய்த்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிள்ளையின் முதுகில் வைத்து அளந்து, மீண்டும் அடுக்கிலேயே வைத்துவிட்டு வேறொன்றை உருவி... பணம் கைமாறுவதற்கு முன் இத்தனை செய்கைகள் உள்ள வேறு பண்டம் எங்கள் கடைத்தெருவில் இல்லை. எடுப்பதற்கும் வாங்குவதற்கும் இடையே உள்ள அந்த நேரத்தில்தான் குடும்பத்தின் கணக்கு மனத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது.

செஞ்சியில் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கும் பருவங்கள் மூன்று. ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது சீருடை. ஐப்பசியில் தீபாவளி. பிறகு மார்கழிப் பனியும் அதைத் தொடர்ந்து தைப்பொங்கலும். இவற்றுக்கு நடுவே மாசியில் மேல்மலையனூர் அங்காளம்மன் திருவிழாவுக்கு உறவினர்கள் வந்து இறங்குவார்கள். அவர்கள் முன்னால் பிள்ளைகளைக் கிழிந்த சட்டையோடு நிறுத்த முடியாது. பணம் வரும் பருவங்கள் வேறு. சம்பா நெல் தை மாதத்தில் அறுவடையாகி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போகும். நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை, மார்கழியில் விதைத்தால் பங்குனி, சித்திரையில் காசாகும். ஆகவே ஜூன் வரும்போது அந்தக் காசு பழைய கடனுக்குப் போயிருக்கும். தீபாவளி வரும்போது அடுத்த காசு வயலில் பச்சையாக நின்றுகொண்டிருக்கும். செலவுக்கும் வரவுக்கும் இடையிலான இந்த மாத இடைவெளியை எப்படித் தாண்டுவது என்பதே இங்குள்ள பெரும்பாலான வீடுகளின் வரவு செலவுத் திட்டம் எனலாம்.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் மூவர். மூத்தவன், நடுவில் மகள், கடைக்குட்டி மகன். வருமானம் கொஞ்சம் நிலத்திலிருந்தும் கொஞ்சம் ஒரு சிறு கடையிலிருந்தும் வருகிறது. நாங்கள் இருவரும் சிறுவயதில் கண்ட முறை ஒன்று உண்டு. அதை இப்போது யாரும் சேமிப்பு என்று சொல்வதில்லை. ஆனால் அதுதான் நாங்கள் அறிந்த முதல் சேமிப்பு.

அந்நாளில் சட்டைத்துணியும் கால்சட்டைத்துணியும் மீட்டர் கணக்கில் எடுத்துத் தையற்காரரிடம் கொடுப்பார்கள். அவர் அளவு நாடாவைச் சுற்றும்போது அருகில் நிற்கும் அம்மா ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: "வளர்ற புள்ள, பாத்துத் தையுங்கண்ணே." அந்த 'பாத்து' என்ற சொல்லுக்குள் ஒரு தொழில்நுட்பமே அடங்கியிருந்தது. கால்சட்டையின் அடியில் இரண்டு விரற்கடைத் துணியை உள்ளே மடித்து அடிப்பார். இடுப்பின் பின் தையலில் கூடுதலாகத் துணி விடுவார். பெண் பிள்ளைகளின் பாவாடைக்கு டக்கு வைத்துத் தைப்பார். சுற்றிவர ஓடும் அந்த மடிப்புகளை அழகுக்கு என்று நினைத்தவர்களும் இருப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு டக்கைப் பிரித்துவிட்டால் பாவாடை சற்று நீளும். பிரித்த இடத்தில் மட்டும் வெளுக்காத நிறம் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடுகளை எண்ணினால் பாவாடையின் வயதைச் சொல்லிவிடலாம்.

வங்கியில் பணம் போடுவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. இந்த ஆண்டின் பணத்தில் ஒரு பகுதி அடுத்த ஆண்டுக்காக உள்ளே மடித்துவைக்கப்படுகிறது. ஒரே வேறுபாடு, இதை அவசரத்துக்கு எடுத்து வேறு செலவு செய்துவிட முடியாது. பிள்ளை வளர்ந்தால் மட்டுமே திறக்கும் பெட்டி அது.

ஆயத்த ஆடை வந்தபோது மறைந்தது இந்த உள்மடிப்புதான். ஆலையில் தைக்கும் சட்டையில் தையலுக்கு அப்பால் அரை விரற்கடைத் துணிகூட இருக்காது. ஆயிரக்கணக்கில் வெட்டும்போது ஒவ்வொன்றிலும் மிச்சமாகும் துணிதான் அவர்களுடைய லாபம். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் கையில் இருந்த ஒரு பருவத்துச் சேமிப்பு அவர்கள் கைக்கு மாறிவிட்டது என்பதும் உண்மை. திரும்பப் போகலாமே என்றால் கணக்கு இடிக்கிறது. கடைக்குட்டிக்கு ஒரு சட்டைத்துணி எடுத்து, கூலி கொடுத்துத் தைத்தால் ஆகும் செலவில் கடையில் ஏறக்குறைய இரண்டு சட்டை வாங்கிவிடலாம். தையற்கூலி ஏறியது நியாயமே. அந்த மனிதருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைகளுக்கு வரி 5 விழுக்காடு என்றானது. முன்பு அந்த வரம்பு 1,000 ரூபாய். நாங்கள் பிள்ளைகளுக்கு எடுத்த துணி எதுவும் ஆயிரத்தை எட்டியதில்லை. ஆகையால் அந்தச் செய்தியை மகிழ்ச்சியோடு படித்து, மகிழ்ச்சியோடு மறந்தோம்.

அரசின் கை இதில் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். சத்துணவு உண்ணும் மாணவர்களுக்கு விலையின்றிச் சீருடை தரும் திட்டம் 1985ல் தொடங்கியது. 2012-13 கல்வியாண்டு முதல் அது நான்கு இணைகளாக உயர்ந்தது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைக்கப்பட்டு வரும் அந்தச் சீருடை சில வேளை தோளில் தொங்கும், சில வேளை அக்குளில் பிடிக்கும். நாங்கள் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. இரண்டு இணை வைத்திருப்பதற்கும் நான்கு இணை வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு ஐப்பசி, கார்த்திகையில் துணி காயவைத்தவர்களுக்குத் தெரியும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, எங்களுக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த வாரம் முழுவதும் வீட்டுக்குள் கொடி கட்டி, மின்விசிறியின் கீழ் சீருடைகளைத் தொங்கவிட்டிருந்தோம்.

ஆனால் அந்தத் திட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மூத்தவன் ஒன்பதாம் வகுப்பில் அடியெடுத்துவைத்த ஆண்டில்தான் அவன் உடம்பும் ஓட்டமெடுத்தது. ஜூனில் எடுத்த கால்சட்டை தையில் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அளவு எண் கூடக்கூடத் துணியின் விலையும் கூடும் என்பதால், பிள்ளை மிக வேகமாக வளரும் வயதும், துணி மிக விரைவில் சிறுக்கும் வயதும், இலவசம் நிற்கும் வயதும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. பொங்கலுக்கு வேட்டியும் சேலையும் தரும் திட்டம் 1983ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கப்பட்டது. அதுவும் பெரியவர்களுக்கானது. பண்டிகைப் புதுத்துணியை ஆவலோடு எதிர்பார்க்கும் பிள்ளைகளுக்கு உரியதைப் பெற்றோர்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சியிருப்பது வழிவழியாக இறங்கும் துணி. மார்கழிக்கு எடுத்த கம்பளிச்சட்டையும் குரங்குக் குல்லாவும்தாம் இதில் மிகச் சிறந்தவை. எங்கள் ஊரில் பனி சில வாரங்களே. கோடையில் மலைப்பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்கும் இந்த ஊரில் கம்பளிக்கு வேலை குறைவு; ஆகவே அது தேய்வதுமில்லை. ஒரே கம்பளிச்சட்டை மூன்று பிள்ளைகளையும் கடந்து இப்போது தங்கையின் மகனிடம் இருக்கிறது. மற்றத் துணிகள் அப்படியல்ல. மூத்தவனின் சட்டை நடுவிலுள்ள மகளைத் தாண்டிக் கடைக்குட்டிக்குப் போகும். மகளுக்கு அத்தை மகளின் பாவாடைகள் வரும். போதாததற்குப் புதிது எடுப்போம். கணக்கில் இது சரியாகத்தான் இருந்தது. செலவுக் குறிப்பேட்டில் கடைக்குட்டியின் பெயருக்கு நேரே தொகை மிகக் குறைவாக இருப்பதைக் கண்டு, ஒரு காலத்தில் நாங்கள் சற்றே பெருமைப்பட்டதும் உண்டு.

ஒருநாள் துணி மடிக்கும்போது அவன் கேட்டான்: "நான் போட்ட சட்டைய அண்ணன் எப்போ போடுவான்?"

அவன் அழவில்லை. கோபமும் இல்லை. பொம்மையை மாற்றி மாற்றி விளையாடுவதுபோலச் சட்டையும் ஒரு முறை இந்தப் பக்கம், ஒரு முறை அந்தப் பக்கம் போகும் என்று நினைத்திருந்திருக்கிறான். தன் முறை ஏன் இன்னும் வரவில்லை என்பதே அவன் ஐயம். அண்ணன் எப்போதும் பெரியவனாகவே இருப்பான், ஆகையால் துணி ஒரு திசையில் மட்டுமே ஓடும் என்று அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. விளக்கினோம். தலையாட்டினான். அன்றிரவு நாங்கள் இருவரும் குறிப்பேட்டை எடுத்துவைத்துக்கொண்டு நெடுநேரம் பேசினோம். தொகை குறைவாக இருக்கும் பெயர் என்பது சிக்கனத்தின் அடையாளம் மட்டுமல்ல என்பது அப்போது தெளிவாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு விதி வகுத்தோம். சீருடையும் வீட்டில் போடும் துணியும் இறங்கி வரலாம். தீபாவளித் துணி மட்டும் இறங்கி வரக்கூடாது. மூவருக்கும் புதிது, மூவருக்கும் ஏறக்குறைய ஒரே விலை, மூவரும் தாமே எடுக்க வேண்டும். இதற்கான பணம் ஐப்பசியில் இருக்காது என்பதால் தையிலேயே தொடங்க வேண்டும். எங்கள் பகுதியில் தீபாவளிச் சீட்டு என்பது பழைய வழக்கம். மாதாமாதம் கட்டினால் பண்டிகைக்குத் துணியும் பலகாரமும் பட்டாசும் தருவார்கள். கட்டிய பணத்தோடு நடத்தியவர் காணாமற்போன கதைகளும் ஊருக்கு ஊர் உண்டு. ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 2019ல் வந்தது. சட்டம் வந்தாலும் ஆசை போய்விடுவதில்லை. நாங்கள் அஞ்சலகத் தொடர்வைப்பைத் தேர்ந்தெடுத்தோம். தெருவில் சில பெண்கள், 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாயாக வரத் தொடங்கியபோது, அதில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் துணிக்கென ஒதுக்கியதையும் பார்த்தோம்.

ராஜகிரியின் அடிவாரத்தில் பெரிய களஞ்சியம் ஒன்று இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் உள்ளது எங்கள் செஞ்சி மட்டுமே. அதன் பிறகு பார்க்க வரும் உறவினர்களை நாங்களும் அங்கே அழைத்துப் போகிறோம். ராஜாராம் இங்கே தங்கியிருந்த காலத்தில் மொகலாயப் படை 1690ல் முற்றுகையிட்டது. 1698ல்தான் கோட்டை விழுந்தது. எட்டு ஆண்டுகள் தாங்கிய ஊரில் அவ்வளவு பெரிய களஞ்சியம் இருப்பதில் வியப்பில்லை. முற்றுகை எப்போது வரும் என்று அறியாதவர்கள் அதைக் கட்டினார்கள். எங்கள் முற்றுகைகளின் தேதியோ சுவரில் தொங்கும் நாட்காட்டியிலேயே அச்சாகியிருக்கிறது. இருந்தும் நாம் ஆண்டுதோறும் திடுக்கிட்டுப் போகிறோம் என்பதுதான் வேடிக்கை.

சென்ற தீபாவளிக்குக் கடைக்குட்டி தானே அடுக்கிலிருந்து உருவி எடுத்தது இளநீலச் சட்டை. விடியலில் எண்ணெய்க் குளியல் முடிந்து, காலரின் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்தபோது, அது தோளில் சற்று இறங்கித்தான் இருந்தது. பழைய பழக்கம் போகவில்லை. கடையில் ஒரு எண் பெரிதாகவே கேட்டிருந்தோம். கைகள் விரல்நுனி வரை மூடியிருந்தன. மகள் அவற்றை இரண்டு முறை மடித்து மணிக்கட்டுக்கு ஏற்றிவிட்டாள். தையல் இல்லாத மடிப்பு. ஒவ்வொரு முறை போடும்போதும் புதிதாக மடித்துக்கொள்ள வேண்டும். அவன் வளர வளர அதைத் தானே பிரித்துக்கொள்ளலாம்.