கூட யாரு வந்திருக்கீங்க?

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க. படிச்சுட்டு வீட்ல உள்ளவங்களுக்கும் சொல்லுங்க.

அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் நாங்க தினமும் கேட்கிற கேள்வி: "கூட யாரு வந்திருக்கீங்க?"

காய்ச்சல், பாம்புக்கடி, நெஞ்சுவலின்னு வந்தா இந்தக் கேள்விக்கு அர்த்தம் ஒண்ணுதான். சீட்டு போட, மருந்து வாங்க, ஸ்ட்ரெச்சர் தள்ள ஒரு ஆள் வேணும்.

வீட்ல அடிபட்டு வர்ற பெண்ணுக்கு இதே கேள்வி வேற மாதிரி. கூட வந்திருக்கிறவரே அடிச்சவரா இருக்கலாம். அடிச்சவரோட அம்மாவா இருக்கலாம். "பேசி முடிச்சுக்கலாம், பெருசு பண்ணாத"ன்னு வழி முழுக்கச் சொல்லிக் கூட்டிட்டு வந்த பெரியவரா இருக்கலாம்.

இது ஏன் முக்கியம்னு சொல்றேன். அடிதடி, தீக்காயம், விஷம் குடிச்சது எது வந்தாலும் நாங்க ஏ.ஆர். போடுவோம், அதாவது ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். எப்போ, எங்கே, எதனால், யாரால்னு நோயாளி சொல்றதை அதுல எழுதணும். போலீஸுக்கும் தகவல் போகும். பின்னாடி கேஸ் நடந்தா கோர்ட்ல முதல்ல எடுத்துப் பார்க்கிற தாள்கள்ல இதுவும் ஒண்ணு.

பக்கத்துல மாமியார் நிக்கும்போது அந்தப் பெண் என்ன சொல்லுவாங்க? "மாடிப்படியில விழுந்துட்டேன்." "ஸ்டவ் வெடிச்சிடுச்சு." எழுதியாச்சு. ஆறு மாசம் கழிச்சு உண்மையைச் சொல்ல வந்தா, எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஏ.ஆரைத்தான் காட்டுவார்.

அதனால காயத்தைப் பார்க்கும்போது கூட வந்தவங்களை வெளியே நிக்கச் சொல்லி, தனியா ஒரு தடவை கேட்கணும். அஞ்சு நிமிஷம் போதும். ஆனா அந்த அஞ்சு நிமிஷத்துக்கு அப்புறம்? டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்கணும். போலீஸ் கேஸைப் பார்க்கணும். சொந்தக்காரங்க மானத்தைப் பார்ப்பாங்க. அந்தப் பெண்ணை மட்டும் பார்க்க ஒரு ஆள் வேணும் இல்லையா?

அந்த வேலைக்கே தனியா ஆட்கள் இருக்காங்க. வெளிநாட்டுல 'விக்டிம் அட்வகேட்'னு சொல்றாங்க. நம்ம ஊர்ல அட்வகேட்னா வக்கீல்னு நினைச்சுப்போம். இவங்க வக்கீல் இல்ல. துணை நபர்னு வெச்சுக்குங்க.

இவங்க என்ன செய்வாங்க?

முதல்ல, நம்புவாங்க. "நீ என்ன பண்ணின, அவர் ஏன் அடிச்சார்?"னு கேட்க மாட்டாங்க.

அப்புறம் விளக்குவாங்க. இந்த டெஸ்ட் எதுக்கு, இந்தக் கையெழுத்து எதுக்கு, வேண்டாம்னா சொல்லலாமா, புகார் கொடுத்தா அடுத்து என்ன நடக்கும், கொடுக்கலைன்னா என்ன ஆகும்.

ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் கூட வருவாங்க. எஃப்.ஐ.ஆர். காப்பி இலவசமா தரணும்னு எடுத்துச் சொல்வாங்க. இன்னைக்கு ராத்திரி எங்க தூங்குறது, குழந்தைங்க எங்கன்னு யோசிப்பாங்க.

முடிவு மட்டும் எடுக்க மாட்டாங்க. அது அந்தப் பெண்ணோடது.

"நான் வீட்டுக்கே திரும்பிப் போறேன்"னு அவங்க சொன்னா? நிறைய பேர் அப்படித்தான் சொல்வாங்க. குழந்தைங்க அங்கே, சாப்பாடு அங்கே, நகையும் ரேஷன் கார்டும் அங்கே. நமக்குக் கோபம் வரும், "இவ்வளவு சொல்லியும் போறாளே"ன்னு. நல்ல துணை நபர் கோபப்பட மாட்டாங்க. "சரிம்மா, போங்க. ஆனா ஆதார், பேங்க் பாஸ்புக், குழந்தைங்க பிறப்புச் சான்றிதழ் ஒரு பையில வெச்சு நம்பிக்கையான வீட்ல கொடுத்து வைங்க. ஒரு போன் நம்பரை மனப்பாடம் பண்ணிக்குங்க. சத்தம் கேட்டா உடனே வரச் சொல்லி பக்கத்து வீட்டு அக்காகிட்ட பேசி வைங்க. சண்டை வந்தா அடுப்படிக்குள்ள போகாதீங்க, வாசல் பக்கமா வந்துடுங்க" என்பாங்க. அடுத்த தடவை அந்தப் பெண் கூப்பிட இது ஒண்ணே காரணமா இருக்கும். திட்டி அனுப்பியிருந்தா கூப்பிடவே மாட்டாங்க.

இது தமிழ்நாட்டுல நடக்குதா? நடக்குது.

சென்னையில 2001ல் பி.சி.வி.சி. என்ற அமைப்பு ஆரம்பிச்சாங்க. அதைத் தொடங்கினவர்கள்ல ஒருத்தர் குற்றவியல் படித்த பிரசன்னா கெட்டு. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு தமிழ்நாடு முழுக்கத் தெரிஞ்ச இடம். அங்கே வர்ற பெண்களோடயும் இவங்க வேலை செய்றாங்க.

தீக்காயத்துல உயிர் பிழைக்கிறது பாதி வேலைதான். கழுத்து நெஞ்சோட ஒட்டாம இருக்கப் பயிற்சி, கை விரல் மடங்காம இருக்க ஸ்ப்ளின்ட், திரும்பத் திரும்ப ஆபரேஷன். இதுக்கெல்லாம் மாசக்கணக்குல, வருஷக்கணக்குல யாராவது கூட வரணும். பலருக்கு வீட்ல இருந்து யாரும் வர்றதில்ல. 2018ல் சென்னையில திறந்த ரைட்டர்ஸ் கஃபேயில் தீக்காயத்துல இருந்து மீண்ட பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலையில சேர்த்தது இந்த அமைப்போட சேர்ந்துதான். ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்து சம்பளம் வரைக்கும் கூட வர்றது, அதுதான் நான் சொல்ற வேலை.

"அது சென்னை டாக்டர், எங்க ஊர்ல?"ன்னு கேட்பீங்க. நான் எழுதுறது ஆர்.கே.பேட்டையில இருந்து. திருத்தணி தாண்டி, ஆந்திரா எல்லை ஓரம். பாதி வீட்ல தெலுங்கு. பொண்ணு கொடுக்கிறதும் எடுக்கிறதும் நகரி, புத்தூர், சித்தூர் வரைக்கும் போகும். இங்கே வர்ற சிக்கலும் எல்லைச் சிக்கல்தான்.

அடிச்சது ஆந்திராவுல இருக்கிற புகுந்த வீட்ல. பொண்ணு ஓடி வந்தது இங்க இருக்கிற அம்மா வீட்டுக்கு. "அங்கே போய்ப் புகார் கொடு"ன்னு யாராவது சொன்னா, மறுபடியும் அதே ஊருக்கு எப்படிப் போவாங்க?

போக வேண்டியதில்ல. 2024 ஜூலை 1ல் அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டம், பி.என்.எஸ்.எஸ். 173வது பிரிவு, சம்பவம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் புகார் கொடுக்கலாம்னு சொல்லுது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர்.னு சொல்றாங்க. கணவர் வீட்டுக் கொடுமைக்கு, பெண் தஞ்சம் புகுந்த ஊர்லயே வழக்கு நடத்தலாம்னு உச்ச நீதிமன்றம் 2019ல் ரூபாலி தேவி வழக்குல சொல்லிடுச்சு. குடும்ப வன்முறைச் சட்டப்படி (2005) மனு போடவும், அந்தப் பெண் தற்காலிகமா தங்கியிருக்கிற ஊர் கோர்ட்டே போதும்.

அந்தப் பெண்ணுக்குத் தெலுங்குதான் சரளமா வரும்னா, தெலுங்கு தெரிஞ்ச துணை நபரைக் கேளுங்க. தமிழ்ல எழுதினதை வாசிச்சு, புரிய வெச்ச பிறகு கையெழுத்து போடச் சொல்லுங்க.

சரி, ஆளை எங்கே தேடுறது?

1. ஒன் ஸ்டாப் சென்டர். 'சகி'ன்னும் சொல்வாங்க. 2015 ஏப்ரல் 1ல் தொடங்கின மத்திய அரசுத் திட்டம், மாவட்டத்துக்கு ஒண்ணாவது இருக்கணும். மருத்துவ உதவி, போலீஸ் உதவி, சட்ட உதவி, கவுன்சலிங், சில நாள் தங்க இடம் எல்லாம் ஒரே இடத்துல. நமக்குத் திருவள்ளூர் மாவட்டம். 181க்குப் போன் பண்ணா வழி சொல்வாங்க.

2. பாதிக்கப்பட்டது 18 வயசுக்கு உட்பட்ட குழந்தைன்னா, போக்சோ விதிகள் 2020 படி குழந்தைகள் நலக் குழு ஒரு 'சப்போர்ட் பெர்சன்' நியமிக்கலாம். விசாரணையில இருந்து கோர்ட் தீர்ப்பு வரைக்கும் அவங்க கூட வருவாங்க. இந்த ஆள் தேவையா இல்லையான்னு பெற்றோர் விருப்பத்துக்கு விட்டுடக் கூடாதுன்னு 2023ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. போன் நம்பர் 1098.

3. சாதி வன்கொடுமைக்கு ஆளானவங்க தொண்டு நிறுவனம், சமூக சேவகர், வக்கீல் உதவியைப் பெறுவது அவங்க உரிமைன்னு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவே சொல்லுது.

4. இலவச வக்கீலுக்கு 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இதுக்கு வருமான வரம்பு கிடையாது. பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்க.

இப்போ டாக்டரா சில விஷயம். பாலியல் வன்முறைன்னா நேரம் ரொம்ப முக்கியம்.

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் சாப்பிடணும். கருத்தடை அவசர மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள்ளன்னா நல்லா வேலை செய்யும். குளிக்காம, துணி துவைக்காம வந்தா சாட்சியம் கிடைக்கும். குளிச்சிருந்தாலும் பரவாயில்ல, வாங்க. சிகிச்சைக்கும் குளியலுக்கும் சம்பந்தமே இல்ல.

எஃப்.ஐ.ஆர். இருந்தாதான் பார்ப்போம்னு எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது. அரசோ தனியாரோ, பாலியல் வன்முறைக்கும் ஆசிட் வீச்சுக்கும் இலவசமா உடனே சிகிச்சை கொடுக்கணும் (பி.என்.எஸ்.எஸ். 397). மறுத்தா பொறுப்பாளருக்கு ஒரு வருஷம் வரை சிறை (பி.என்.எஸ். 200). 'இரண்டு விரல் பரிசோதனை' பண்ணா அது தவறான நடத்தைன்னு 2022ல் உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. யாராவது முயற்சி பண்ணா மறுக்கலாம். இதையெல்லாம் அந்த நிலைமையில இருக்கிற பெண் ஞாபகம் வெச்சுப் பேச முடியாது. கூட நிக்கிறவங்கதான் பேசணும்.

கடைசியா உங்களுக்கு. நீங்க பக்கத்து வீட்டுக்காரரா, பக்கத்துத் தறியில வேலை செய்றவரா, ஆஷா பணியாளரா, டீச்சரா, ஷேர் ஆட்டோ ஓட்டுறவரா இருக்கலாம். அந்த ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றது நீங்களாத்தான் இருப்பீங்க. மூணே மூணு விஷயம் செய்யுங்க.

"உன் மேல தப்பில்ல"ன்னு ஒரு தடவை சொல்லுங்க. உள்ளே வந்ததும் டாக்டர்கிட்டயோ நர்ஸ்கிட்டயோ "இவங்ககிட்ட தனியா பேசுங்க"ன்னு சொல்லுங்க. வெளியே வந்து 181க்குப் போன் போடுங்க. உடனடி ஆபத்துன்னா 112.

குழந்தை விஷயம்னா பஞ்சாயத்துல உட்காராதீங்க. தெரிஞ்சும் மறைச்சா போக்சோ சட்டப்படி அதுவே குற்றம். பெயர், போட்டோ, ஊர் எதையும் வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க. நல்ல எண்ணத்துல போட்டாலும் குற்றம்தான்.

இந்த நம்பர்களை இப்பவே போன்ல சேவ் பண்ணுங்க: 181, 112, 1098, 15100.

அப்புறம் ஒரு நாள் கேஷுவாலிட்டியில "கூட யாரு வந்திருக்கீங்க?"ன்னு நாங்க கேட்டா, தயங்காம முன்னாடி வாங்க. சொந்தமா இருக்கணும்னு அவசியமே இல்ல.