உண்மையாக இருந்தால் மட்டும் போதாது

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வில் 120 கேள்விகள், இரண்டு மணி நேரம். அதில் தர்க்கப் பகுதிக்கு மட்டும் 22 முதல் 26 கேள்விகள். ஒரு பத்தியைக் கொடுத்து, கீழ்க்கண்டவற்றில் எது இந்த வாதத்தை வலுப்படுத்துகிறது என்று கேட்பார்கள். தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். பட்டியலின மாணவருக்கும் விண்ணப்பக் கட்டணம் 3,500 ரூபாய். இந்த அநியாயத்தை எதிர்த்துப் பேச வேண்டும், பேசுவோம். ஆனால் இந்தக் கேள்வி வகை தேர்வைத் தாண்டியும் நமக்கு வேண்டியது என்பதால் இதை எழுதுகிறோம்.

திரேஸ்புரத்தில் கடலோடி வீட்டுப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் மாலை வகுப்பில் புத்தகக் கேள்விகளை ஓரம் வைத்துவிட்டு, நாங்களே தமிழில் ஒன்று எழுதினோம். 'நாட்டுப்படகுகளுக்கு மீன்பாடு குறைந்துவிட்டது. விசைப்படகுகள் கரையோரம் இழுவலை இழுப்பதே காரணம்.' இதை வலுப்படுத்துவது எது? விசைப்படகு முதலாளிகள் வசதியானவர்கள் என்பதா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில், நாட்டுப்படகுகளுக்கு மீன்பாடு கூடுகிறது என்பதா?

பாதிப் பேர் முதலாவதைக் குறித்தார்கள். "அக்கா, இது நெசந்தான? பெறவு எப்படித் தப்பாவும்?" என்றாள் ஒருத்தி.

நிஜம்தான். ஆனால் முதலாளியின் வசதிக்கும் மீன் குறைந்ததற்கும் நடுவில் பாலம் இல்லை. ஒவ்வொரு வாதத்திலும் சான்று ஒன்று, முடிவு ஒன்று, நடுவில் வாய்விட்டுச் சொல்லாத அனுமானம் ஒன்று இருக்கும். அந்த அனுமானத்தைத் தாங்குவதுதான் விடை. உடனே ஒரு பையன், "அந்த ரெண்டு மாசமும் சீசனா இருந்தா?" என்றான். நல்ல கேள்வி. விசைப்படகே இழுக்காத பக்கத்துக் கடலில் அதே மாதங்களில் மீன்பாடு கூடவில்லை என்று தெரிந்தால் அவன் சந்தேகம் தீரும், வாதமும் இறுகும்.

இதை இட ஒதுக்கீட்டு விவாதத்தில் வைத்துப் பார்ப்போம். 'மதிப்பெண் குறைந்தவர்கள் வேலைக்கு வருகிறார்கள், ஆகவே நிர்வாகத் திறன் குறையும்' என்கிறார்கள். தேர்வு மதிப்பெண்ணும் வேலைத் திறனும் ஒன்று என்பது இதில் ஒளிந்திருக்கும் அனுமானம். தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்டோம் என்று நாம் பதில் சொல்கிறோம். அது உண்மை, நீதிக்கான காரணமும் அதுவே. ஆனால் அந்த அனுமானத்தை அது தொடவே இல்லை.

தொடுகிற சான்று வேறு. அஸ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்காஃபும் இந்திய ரயில்வேயின் 1980 முதல் 2002 வரையிலான தரவுகளை ஆராய்ந்து 2014இல் கட்டுரை வெளியிட்டார்கள். பட்டியலின, பழங்குடி ஊழியர்களின் பங்கு கூடியதால் உற்பத்தித்திறன் குறைந்தது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உயர்பதவிகளில் சில கணக்கீடுகள் நல்ல விளைவையே காட்டின. எதிராளியின் பாலத்தை இடிப்பது இப்படிப்பட்ட சான்றுதான்.

திரேஸ்புரத்துக்கு இது ஏட்டுப் படிப்பு அல்ல. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் போராட்டத்தின்போது, ஆட்சியர் அலுவலகத்தில் புகுந்த கூட்டத்தைக் கட்டுப்படுத்தவே போலீஸ் சுட்டது என்றொரு வாதம் சொல்லப்பட்டது. அதே நாளில் அந்த அலுவலகத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, இந்தத் திரேஸ்புரத்தில் ஒரு பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வாதம் இந்தச் சாவுக்குப் பதில் சொல்லாது. அதைச் சுட்டிக்காட்டக் கூச்சல் வேண்டாம், வரைபடம் ஒன்று போதும். அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. காவல்துறை வரம்பு மீறியதை அதுவும் பதிவு செய்தது.

கோபம் நம்மிடம் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. ஆனால் மனு வாங்கும் அதிகாரியும் தீர்ப்பு எழுதும் நீதிபதியும் நம் கோபத்தை எடை போடுவதில்லை. எனவே தோழர்களே, அடுத்த துண்டறிக்கையை அச்சுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துக் கேளுங்கள்: இது நம் முடிவைத் தாங்குகிறதா, பக்கத்தில் சும்மா நிற்கிறதா? சும்மா நிற்பதை அடித்துவிடுங்கள். கிளாட்டைத் தமிழிலும் நடத்தக் கேட்கும் மனுவை நாங்கள் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதையும் இப்படித்தான் வரி வரியாகச் சோதிக்கிறோம்.