ஊருக்குப் போகாத கோடைகள்

தில்லி பூசா ரோட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை இரண்டு விதமாக வரும். எல்.டி.சி. உள்ள வருஷம், எல்.டி.சி. இல்லாத வருஷம். மத்திய அரசு ஊழியர் குடும்பத்தோடு சொந்த ஊர் போய்வர, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சர்க்கார் ரயில் கட்டணம் தரும். அந்த வருஷம் ஏப்ரல் மாதமே வீட்டில் பெட்டிகள் இறங்கிவிடும். ஜி.டி. என்கிற கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு, ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். நாக்பூர் தாண்டும்வரை வெப்பக் காற்று, விஜயவாடா வந்ததும் சோற்று வாசனை, அப்புறம் மதராஸ். அங்கிருந்து இன்னொரு ரயில், ஒரு பஸ், தாத்தா வீடு. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு மற்ற வருஷத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

எண்பதுகளில் பூசா ரோடு அகலமான, வேப்ப நிழல் கொண்ட ரோடு. ஒரு பக்கம் கரோல் பாக், மறுபக்கம் பழைய ராஜேந்திர நகர். பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த பஞ்சாபிக் குடும்பங்கள் கட்டிய வீடுகள் இருபுறமும். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் இருப்பார். மொட்டைமாடியில் ஒற்றை அறையும் தகரக் கூரைச் சமையலறையும் கொண்ட பர்சாத்தியில் நாங்கள் இருப்போம். எங்களைப்போல் எத்தனையோ குடும்பங்கள். காரணம், பூசா ரோட்டில் தமிழ்ப் பள்ளி இருந்தது. 1923-ல் மதராசிக் கல்விச் சங்கமாகத் தொடங்கி, பிறகு தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாகப் பெயர் மாறிய அமைப்பின் பள்ளிகளில் ஒன்று அது. பிள்ளைகள் நடந்து போய்த் தமிழ் படிக்கலாம் என்பதற்காகவே வாடகை கூடினாலும் அந்த வட்டாரத்தைவிட்டு நகராதவர்கள் உண்டு. எங்கள் அப்பாவும் அப்படித்தான்.

மே நடுவில் பள்ளி மூடும். மொட்டைமாடியில் கால் வைக்க முடியாது. பகல் பதினோரு மணிக்கு மேல் லூ என்கிற அனல்காற்று தெருவைக் காலி செய்துவிடும். அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகள் சிம்லா, முசூரி என்று கிளம்புவார்கள். எங்கள் அப்பா மேல்நிலை எழுத்தர். ஐந்து பேர் மலைக்குப் போய் அறை எடுத்துத் தங்குவது என்பது வீட்டில் பேச்சுக்குக்கூட வராது. ஒரு கோடையில் ஹரித்வார் போனோம். இரவு ரயில், தர்மசாலையில் படுக்கை, கங்கையில் இரண்டு வேளைக் குளியல். அதற்கே அம்மா சீட்டுப் பணத்தை எடுக்க வேண்டியிருந்தது. மற்ற எல்.டி.சி. இல்லாத கோடைகளை அப்பா பூசா ரோட்டைச் சுற்றியே அமைத்துக் கொடுத்தார். அதை அவர் ஏதோ சமாதானமாகச் செய்யவில்லை. ஒரு வாரம் முன்பே காகிதத்தில் எழுதுவார்: எந்த நாள் எங்கே, எத்தனை மணிக்குக் கிளம்புவது, யார் தண்ணீர்க் கூஜாவைத் தூக்குவது. ஊருக்குப் போகும்போது எழுதும் அதே பழைய டைரியில், அதே கையெழுத்தில்.

முதலில் ரிட்ஜ். ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி தில்லிக்குள் வந்துதான் முடிகிறது. அதன் நடுப்பகுதிக் காடு எங்கள் வீட்டிலிருந்து நடை தூரம். விடியற்காலை நாலரைக்கு எழுப்பி, இருட்டு பிரியும்போது காட்டின் ஓரத்தில் நிறுத்துவார் அப்பா. மயில் அகவும். சில சமயம் ரோட்டைக் கடந்து ஓடும். பாட்டிக்கு முதல் நாள் பெரிய ஆச்சரியம் மயில் இல்லை, மரம்தான். "இது நம்ம சீமைக்கருவேலம்டா! இங்கேயும் வந்துடுத்தா?" ஆங்கிலேயர் புதுத் தலைநகர் கட்டிய காலத்தில் இந்த மொட்டைப் பாறையைப் பச்சையாக்க வேண்டுமென்று கொண்டுவந்து விதைத்த மரம் அது, பிறகு தானே பரவி உள்ளூர் மரங்களை நெருக்கிவிட்டது. தெற்கே எங்கள் கண்மாய்க் கரைகளிலும் அது அதைத்தான் செய்தது. ஆனால் அதன் இடையிடையே புரசும் சரக்கொன்றையும் மிச்சம் இருந்தன. மே மாத தில்லியின் கொன்றையைப் பார்த்தவர்கள் வெயிலைக் குறை சொல்ல யோசிப்பார்கள். இலையே தெரியாமல் மரம் முழுக்க மஞ்சள் சரம். பாட்டி கீழே விழுந்ததை மட்டும் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு, வீட்டு சிவன் படத்துக்குச் சார்த்துவார்.

இன்னும் தள்ளி, மேல் ரிட்ஜ் ரோட்டில் புத்த ஜெயந்தி பூங்கா. புத்தரின் 2,500-ஆம் ஆண்டு நினைவாக அமைத்தது. 1964-ல் லால் பகதூர் சாஸ்திரி பிரதமராக இருந்தபோது திறந்தார்கள். மேடும் பள்ளமுமாக இருந்த பாறை நிலத்தை மட்டம் தட்டாமல் அப்படியே விட்டு, புல் போட்டு, நடுவே ஓடை விட்டிருந்தார்கள். பிள்ளைகள் உருண்டு விளையாட அதைவிட நல்ல இடம் கிடையாது. உள்ளே போகக் காசு கேட்கவில்லை. எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்குக் கறியும் எடுத்துப் போவோம். வீட்டுக்காரர் வீட்டுப் பாட்டி, நாங்கள் எல்லோரும் மாஜி என்று கூப்பிடுபவர், ஒரு தடவை எங்களோடு வந்தார். பராட்டாவும் மாங்காய் ஊறுகாயும் கொண்டுவந்தார். எங்கள் பாட்டிக்கு இந்தி தெரியாது, மாஜிக்குத் தமிழ் தெரியாது. மரத்தடியில் உட்கார்ந்து மத்தியானம்வரை பேசிக்கொண்டே இருந்தார்கள். லாகூர் வீட்டு முற்றத்து மல்பெரி மரத்தைப் பற்றி மாஜி அன்று சொன்னதாகப் பாட்டி பிற்பாடு எங்களுக்கு விவரமாகச் சொன்னார். எப்படிப் புரிந்துகொண்டார் என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

ரோட்டுக்குப் பெயர் தந்த பூசா வேளாண் நிறுவனத்தின் வயல்கள் ராஜேந்திர நகருக்கு அப்பால் விரிந்து கிடந்தன. நகரத்தின் நடுவில் அத்தனை பெரிய விவசாய பூமி. அந்தக் கதையை அப்பா நடந்துகொண்டே சொல்வார். 1905-ல் பீகாரில் பூசா என்ற ஊரில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம். 1934 ஜனவரி பூகம்பத்தில் அதன் கட்டடம் சிதைந்துபோக, 1936-ல் தில்லிக்கு இடம் பெயர்ந்தது. பீகார் ஊரின் பெயரும் கூடவே வந்துவிட்டது. அடுத்தது எம்.எஸ். சுவாமிநாதன். கும்பகோணத்துக்காரர், 1966 முதல் 1972 வரை இங்கே இயக்குநர், இந்த வயல்களில்தான் குட்டைக் கோதுமை என்று சொல்லும்போது அப்பாவின் நடை கொஞ்சம் வேகம் பிடிக்கும். 1968-ல் கோதுமைப் புரட்சிக்காக வெளியிட்ட தபால்தலையை அவர் டைரியில் ஒட்டி வைத்திருந்தார். அதில் இந்த வளாகத்து நூலகக் கட்டடம் இருக்கும். தபால்தலையையும் எதிரே நிற்கும் கட்டடத்தையும் மாறி மாறிப் பார்த்தது எங்களுக்கு ஒரு விளையாட்டு. வளாகத்தை ஒட்டியே தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் முதல் இயக்குநர் கே.எஸ். கிருஷ்ணன், வத்திராயிருப்புக்காரர், சி.வி. ராமனோடு சேர்ந்து 1928-ல் ராமன் விளைவு என்கிற ஒளிச்சிதறலைக் கண்டவர். அந்தப் பக்கத்து ரோட்டுக்கே அவர் பெயர். நாட்டின் நேரத்தைக் காப்பது இந்தக் கட்டடம்தான் என்று அப்பா சொல்ல, நாங்கள் அவருடைய கைக்கடிகாரத்தை வாங்கிப் பார்ப்போம்.

மாம்பழத்தையும் சொல்லியாக வேண்டும். மழை பிடித்தபிறகு, பூசாவில் வேலை பார்த்த ஒரு மாமா காகிதப்பையில் நாலு பழம் கொண்டுவருவார். மல்லிகா ஒன்று, ஆம்ரபாலி ஒன்று என்று பெயர் சொல்லித் தருவார். வடக்கத்தி தசேரியையும் தெற்கத்தி நீலத்தையும் ஒட்டுச் சேர்த்து பூசாவிலேயே உருவாக்கிய ரகங்கள். "நீலமா? நம்மூர்ப் பழமாச்சே," என்று பாட்டி தோலை முகர்ந்து பார்ப்பார். அந்த வாசனையில் பாதி ஊர் இருந்தது.

ஆனால் கோடையின் உச்சம் ரிங் ரயில். தில்லியைச் சுற்றி ஏறக்குறைய 35 கிலோமீட்டர் வளையமாக ஒரு ரயில் பாதை உண்டு. சரக்கு வண்டிகள் ஊருக்குள் நெரியாமல் சுற்றிப் போக 1975-ல் போட்டது. 1982 ஆசிய விளையாட்டுக்காகப் பயணிகள் வண்டிகளைக் கூட்டினார்கள். எங்களுக்குப் பக்கத்து ஸ்டேஷன் படேல் நகர். அங்கே ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் அதே படேல் நகரில் வந்து இறங்கலாம். டிக்கெட், பஸ் டிக்கெட்டைப் போல மலிவு.

அப்பா ஒரு நாள் கேஷுவல் லீவு போடுவார். முந்தின ராத்திரி அம்மா இட்லி வார்த்து, நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி, இலையில் கட்டி வைப்பார். ரயில் இட்லி என்று எங்கள் வீட்டில் அதற்குப் பெயர், ஜி.டி.யில் போகும்போது மட்டும் செய்வது. புளியோதரை தனி டப்பா. பித்தளைக் கூஜா. ஜன்னல் சீட்டுக்கு என்று வழக்கமான சண்டை. ஜி.டி.க்கு உள்ள சாமான் அத்தனையும், பெட்டியும் படுக்கையும் மட்டும் இல்லை.

கீர்த்தி நகர், நாராயணா விஹார், இந்தர்புரி என்று போய், பிரார் சதுக்கம் தாண்டியதும் வண்டி ரிட்ஜ் காட்டின் ஓரமாகப் போகும். வீட்டுப் பின்புறங்கள், கொடியில் துணி, பாத்திரம் தேய்க்கும் பெண்கள், கையசைக்கும் பிள்ளைகள். ஒரு நகரத்தை ரோட்டிலிருந்து பார்ப்பது வேறு, தண்டவாளத்திலிருந்து பார்ப்பது வேறு. பாட்டி, "பீச்லேர்ந்து தாம்பரம் போற வண்டியாட்டம் இருக்கு," என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். லோதி காலனி, லாஜ்பத் நகர் எல்லாம் கடந்து நிஜாமுத்தீன் வரும். அங்கேதான் தெற்கே போகும் பெரிய பாதையோடு எங்கள் பாதை சேரும். அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் வந்து, கை நீட்டிக் காட்டுவார்: "இதே தண்டவாளம்தான். அப்படியே போனா மதுரா, ஜான்சி, போபால், நாக்பூர்... நேரா மதராஸ்." பாட்டி அந்தத் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். யாரும் சிரித்தது இல்லை.

அங்கிருந்து பிரகதி மைதான், திலக் பாலம், புது தில்லி, சதர் பஜார், தயாபஸ்தி. தயாபஸ்தி வரும்போது இட்லி காலி, கூஜா காலி, தம்பி அம்மா மடியில் தூக்கம். ஒரு ரயில் பயணத்துக்கு வேண்டிய களைப்பு எங்கள் எல்லோருக்கும் வந்திருக்கும். அப்பா இதைத்தான் கணக்குப் போட்டிருந்தார் என்று நினைக்கிறேன். எங்களுக்கு வேண்டியிருந்தது ஊர் மட்டும் இல்லை, கிளம்புவதும் வேண்டியிருந்தது. கட்டுச்சோறும் ஜன்னலும் எல்லோரும் ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருப்பதும் வேண்டியிருந்தது. அவற்றை அவர் ஒரு எழுத்தரின் சம்பளத்துக்குள் வாங்கிக் கொடுத்தார்.

சில தடவை சாணக்யபுரியில் இறங்கிவிடுவோம். அங்கே 1977-ல் திறந்த ரயில் அருங்காட்சியகம். 1855-ல் செய்த ஃபேரி குயின் இன்ஜினும், ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடிய பாட்டியாலா சமஸ்தானத்து வண்டியும், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வளாகத்தைச் சுற்றும் குட்டி ரயிலும். அங்கிருந்து பஸ் பிடித்து ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர். சின்னக் குன்றின் மேல் சுவாமிநாதர். 1973-ல் கும்பாபிஷேகம் ஆன கோயில். கருங்கல் மண்டபத்தில் உச்சி வெயிலிலும் குளிர்ந்த தரை. அர்ச்சகர் தமிழில் பேர் நட்சத்திரம் கேட்கும்போது அம்மாவின் முகம் தளர்ந்து லேசாவதை நான் பார்த்திருக்கிறேன்.

மாலைகளுக்குப் பெரிய திட்டம் தேவைப்படவில்லை. மந்திர் மார்க்கில் பிர்லா மந்திர், 1939-ல் காந்தி திறந்துவைத்தது. அதன் பின்பக்கத் தோட்டத்தில் பிள்ளைகள் ஏறி இறங்கச் செயற்கைக் குகைகள். அஜ்மல் கான் ரோட்டில் ஃபலூதா போட்ட குல்ஃபி, இருவருக்கு ஒரு தட்டு. கரோல் பாக் தமிழ்க் கடையில் அரைத்த காபிப்பொடி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால், மாடியில் தண்ணீர் தெளித்துக் கயிற்றுக் கட்டில்கள் போட்டிருக்கும்.

2005 டிசம்பர் கடைசி நாளிலிருந்து பூசா ரோட்டுக்கு மேலே மெட்ரோ ஓடுகிறது. கரோல் பாக், ராஜேந்திர பிளேஸ் ஸ்டேஷன்கள் ரோட்டின் தலைக்கு மேல் நிற்கின்றன. பர்சாத்திகள் போய் நாலு மாடிகள் வந்துவிட்டன. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அறை அறையாகத் தங்கியிருக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் துவாரகா, மயூர் விஹார், நொய்டா என்று பரவிவிட்டன. தமிழ்ப் பள்ளி இருக்கிறது. விடுமுறை என்றதும் விமானக் கட்டணத்தையும் ரிசார்ட் வாடகையையும் பார்த்துப் பெருமூச்சு விடும் இளம் பெற்றோரை அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: கொன்றை இன்னும் மே மாதம் பூக்கிறது, பூங்கா இருக்கிறது, அருங்காட்சியகத்தின் குட்டி ரயில் இருக்கிறது, விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்ப மனம் இருந்தால் போதும்.

ரிங் ரயிலில்தான் ஏறுவதற்கு ஆள் குறைந்துவிட்டது. ஸ்டேஷன்களுக்குப் போகும் வழிகள் சரியில்லை, வண்டிகளும் சில. ரயில்வே மனது வைத்து, கோடை விடுமுறையில் காலை ஏழு மணிக்கு ஒரு வண்டியைக் குடும்பங்களுக்கென்று விடலாம். சாணக்யபுரியில் அருங்காட்சியகத்துக்காகக் கொஞ்சம் நின்று, நிஜாமுத்தீன் வழியாக, வெயில் ஏறுமுன் படேல் நகருக்குத் திரும்பும்படி. புதுப் பாதை போட வேண்டாம், புது ஸ்டேஷன் கட்ட வேண்டாம். தண்டவாளம் ஐம்பது வருஷமாக அங்கேயே இருக்கிறது. அப்படி ஒரு வண்டி வந்தால், இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவித் தர நான் தயார்.