குன்றக் கூறிய ஒரு வரி



ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில், நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களை மனனம் செய்து தேர்வெழுதினேன். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல் என அப்பட்டியல் நீளும். தேர்வோடு மறந்துபோன அதனை, இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு கணினி எனக்கு நினைவூட்டியது.

மென்பொருள் துறையில் பணிபுரியும் என் முன்னாள் மாணவர் ஒருவர், தலைமையாசிரியரின் இசைவோடு, என் வகுப்புக்கென ஒரு செயற்கை நுண்ணறிவு முகவரை அமைத்துத் தந்தார். முகவர் என்பது, கேள்விக்கு விடை கூறுவதோடு நில்லாமல், நாம் கொடுக்கும் கருவிகளைக் கொண்டு வேலையையும் செய்து முடிக்கும் நிரல். என் முகவருக்கு இரண்டு கருவிகள். ஒன்று வருகைப் பதிவேட்டைப் பார்க்கும். மற்றொன்று பெற்றோருக்குப் புலனத்தில் செய்தி அனுப்பும்.

"கருவிகளுக்கான விளக்கத்தை நீங்களே எழுதுங்கள், டீச்சர். அவற்றின் பயன் உங்களுக்குத்தான் தெரியும்" என்றார் அவர். கருவிக்கு ஒரு வரி எழுதினேன். 'வராத மாணவர்களைக் காட்டும்.' 'வராத மாணவர்களின் பெற்றோருக்குத் தெரிவிக்கும்.' தெளிவாகத்தான் இருக்கிறது என்று எண்ணினேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, "இன்று வராதவர்களைக் கவனி" என்று தட்டச்சு செய்துவிட்டு வகுப்பிற்குச் சென்றேன். பெயர்ப் பட்டியல் கிடைக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. அரை மணி நேரத்தில் பள்ளி வாயிலில் ஒரு தாய், தொழிற்சாலைச் சீருடையோடு நின்றார். "டீச்சர், என் பிள்ளை எங்க? காலையில நான்தானே வேன்ல ஏத்திவிட்டேன்! பள்ளிக்கு வரலன்னு செய்தி வந்திருக்கே!"

அவர் மகள் பள்ளிக்கு வந்திருந்தாள். மாவட்டக் கதை சொல்லும் போட்டிக்கு ஆசிரியர் ஒருவர் அவளை அழைத்துச் சென்றிருந்தார். உடன் சென்ற ஆசிரியரைக் கைப்பேசியில் அழைத்து, மகளின் குரலைக் கேட்க வைத்தேன். அந்தத் தாய் அங்கிருந்த நீளிருக்கையில் அமர்ந்து அழுதார். என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. அதுவே என்னைச் சுட்டது.

முதலில் இயந்திரத்தைத்தான் குறை கூறினேன். முன்னாள் மாணவர் பொறுமையாக விளக்கினார். கருவியின் உள்ளே இருக்கும் நிரல் முகவருக்குத் தெரியாது. கருவியின் பெயர், அதன் விளக்கம், என்னென்ன உள்ளீடுகள் வேண்டும் என்பவையே அதற்குத் தெரியும். அவற்றை வைத்தே எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்று அது முடிவு செய்கிறது. நாம் விடுப்பில் செல்லும்போது மாற்று ஆசிரியருக்கு எழுதி வைக்கும் குறிப்பைப் போன்றது அவ்விளக்கம். மாற்று ஆசிரியர் ஐயம் எழுந்தால் பக்கத்து வகுப்பில் கேட்பார். என் முகவரோ ஊகித்துக்கொண்டது.

இருவரும் அமர்ந்து மீண்டும் எழுதினோம். என் முதல் முயற்சி ஒரு பக்கத்திற்கு நீண்டது. "ஒவ்வொரு முறையும் முகவர் இதை முழுவதும் படிக்க வேண்டும், டீச்சர். தேவையானது கூட்டத்தில் மறைந்துவிடும்" என்று அவர் பாதியை நீக்கினார். அது மிகைபடக் கூறல். இறுதியில் நின்றவை இவை:

'வகுப்பறையில் இல்லாத மாணவர்களின் பட்டியலைத் தரும். போட்டி, பயிற்சி முதலிய பள்ளி அலுவலாகச் சென்றோர் தனிக் குறியோடு வருவர்; அவர்கள் வராதவர்கள் அல்லர். தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்னும் வரிசையில் தருக. யாருக்கும் செய்தி அனுப்பாது.'

'ஒரு மாணவரின் பெற்றோருக்குச் செய்தி அனுப்பும். அனுப்பியதைத் திரும்பப் பெற இயலாது. ஆசிரியர் அனுப்பச் சொன்னால் மட்டுமே பயன்படுத்துக. மாணவரின் பெயரை அன்று, பதிவு எண்ணைத் தருக.'

தேதி வரிசைக்கும் காரணம் உண்டு. 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கில் மார்ச் 4. பதிவு எண்ணைக் கேட்டதன் காரணம், என் வகுப்பில் ஒரே பெயரில் இருவர் உள்ளனர்.

இன்னொன்றையும் அவர் செய்தார். நான் பொத்தானை அழுத்தி உறுதி செய்யாமல் எந்தச் செய்தியும் வெளியேறாதவாறு நிரலிலேயே தடை வைத்தார். எவ்வளவு தெளிவாக எழுதினாலும் விளக்கம் வழிகாட்டுமே தவிர, பூட்டாகாது.

அந்த வாரமே நான் தயாரித்திருந்த சோதனைத் தாளை எடுத்துப் படித்தேன். 'படத்தைப் பார்த்து எழுதுக' என்றிருந்தது. எதை எழுதுவது? எத்தனை வாக்கியம்? இத்தனை ஆண்டுகளாக மாணவர்கள் அதையும் ஊகித்தே எழுதியிருக்கிறார்கள். தவறாக ஊகித்தவர்களின் மதிப்பெண்ணை நான் குறைத்திருக்கிறேன். இப்போது அத்தாளில், 'படத்தில் காணும் செயல்களை ஐந்து வாக்கியங்களில் எழுதுக' என்றிருக்கிறது.