லொறிக்கு செட் மாற்றும் முன்

தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓடும் நம்மூர்ச் சகோதரர்களுக்காக எழுதுகிறேன்.

ஜப்பானில் ஓடிய லொறியோடு வரும் கம்பனி ரேடியோ பழுதில்லை. அங்கு எஃப்.எம். 76இல் தொடங்கும், பழைய செட்டுகளில் 90உடன் நின்றுவிடும். நமது சேவைகள் பெரும்பாலும் அதற்கு மேலே, 108 வரை. மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் கார் செட் 12 வோல்ட். இந்த லொறிகள் பெரும்பாலும் 24, இரண்டு பெட்டரியைத் தொடராகக் கொடுத்திருப்பார்கள். சில பாஸ்மார் ஒரு பெட்டரியில் மட்டும் வயர் இழுத்து 12 எடுத்துவிடுகிறார்கள். பாட்டு நன்றாகத்தான் கேட்கும். அந்த பெட்டரி இறங்கிக்கொண்டே போகும். மற்றது அளவுக்கு மீறி சார்ஜாகிக் கெடும்.

என் மச்சானுக்கு அப்படித்தான். ஹபரணை தாண்டி, இரவு இரண்டு மணிக்கு தேத்தண்ணி குடிக்க நிறுத்தியவர், திரும்ப ஸ்டார்ட் எடுக்கவில்லை. யானை நடமாடும் பாதை. விடியும்வரை கெபினுக்குள்ளேயே இருந்தார். தக்காளி போனது வேறு கதை.

24ஐ 12 ஆக்கும் கன்வேர்ட்டர் போடச் சொல்லுங்கள். அல்லது 24 வோல்ட் செட்டே வாங்குங்கள். பெட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கட்டும், வயர் உரசினால் தீதான்.

கதவு ஸ்பீக்கரையும் கழற்றிப் பாருங்கள். கடதாசிக் கோன் கிழிந்திருந்தால் எந்தச் செட் போட்டாலும் கரகரப்புத்தான்.