உடும்பும் ளப்பும்

திருவண்ணாமலை ஏரிக்கரைகளில் உடும்பை நான் கண்டதுண்டு. சாம்பல் கலந்த பழுப்பு உடல். பாம்பினுடையதைப் போன்று பிளந்த நாக்கு. ஆபத்தை உணர்ந்தால் நீரில் பாய்ந்து, வாலை வளைத்து நீந்திவிடும். தவளை, நண்டு, பூச்சி, பறவை முட்டை ஆகியவை அதன் இரை.

“காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் உண்டது உடும்புதானே? நாம் பிடித்து உண்டால் என்ன?” என்று இளைஞர் சிலர் என்னிடம் வினவுவதுண்டு. தமிழ் மொழிபெயர்ப்புகளில் அவ்வாறு காணப்படினும், ஹதீஸ் கூறும் ‘ளப்பு’ அரேபியப் பாலையின் முள்வால் பல்லியாகும். அது பெரும்பாலும் தாவரங்களையே உண்ணும். நம் உடும்போ ஊனுண்ணி. மேலும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பை வேட்டையாடுவதைத் தடுக்கிறது.

பெயர் ஒன்றென்பதால் தீர்ப்பும் ஒன்றாகிவிடாது, சகோதரர்களே! அல்லாஹ்வின் அப்படைப்பை அதன் வழியில் விட்டுவிடுவோம்.