முற்றத்துப் பழமும் முன்பணமும்



நுவரெலியாவுக்கு ரயிலில் வருகிறவர்கள் இறங்கும் இடம் எங்கள் நானுஓயா. 1885ஆம் ஆண்டில் ரயில் இங்கே வந்து சேர்ந்தது. கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கும் மேலே உள்ள ஊர். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் கோவா, லீக்ஸ், கரட் பாத்திகள். நுவரெலியாப் பக்கம் போனால் ஸ்ட்ரோபெரிப் பழத்தைச் சின்னப் பெட்டிகளில் அடுக்கி விற்பதைக் காணலாம். பார்த்தால் ஆசை வரும். விலையைக் கேட்டால் வந்த ஆசை போய்விடும். பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடையைக் கட்டும் தாய்மார்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அந்தப் பழத்தை நம் வீட்டு முற்றத்திலேயே வளர்க்கலாம். எப்படி வளர்ப்பது, எப்படிப் பறிப்பது என்பதைச் சொல்கிறேன். அது சிவப்பதற்கு முன்பே விலை பேசி விற்பதால் வருகிற தொல்லையையும் சொல்கிறேன்.

“பள்ளிக்கூடத்தில் இஸ்லாம் பாடம் நடத்தும் மௌலவிக்குத் தோட்டக் கதை எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். அரபுக் கல்லூரியில் நாங்கள் ஓதிய ஃபிக்ஹு நூல்களில் ஸகாத் பாடத்திலும் கொடுக்கல் வாங்கல் பாடத்திலும் மரமும் பழமும் திரும்பத் திரும்ப வரும். அங்கே சொல்லப்படுவது பேரீச்சந் தோட்டமும் திராட்சைத் தோட்டமும். பேரீச்ச மரத்தைக் கண்ணால் காணாத இந்த மலையில், ஸ்ட்ரோபெரிச் செடியை வைத்துத்தான் அந்தப் பாடம் எனக்கு நன்றாக விளங்கிற்று.

பழத்தின் உறவினர்கள்

தேயிலை மலையின் ஓரங்களில் முள்ளுச் செடிகளில் பழுக்கும் சிறு பழங்களைப் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள். அது ராஸ்பெரி இனம். இந்த இனத்துச் செடிகளை ஒன்றோடொன்று கலந்து மேல்நாட்டார் புதுப் பழங்களை உண்டாக்கியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று பாய்சன்பெரி. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1920களில் ருடால்ஃப் பாய்சன் என்பவர் அதை வளர்த்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். களைகளுக்குள் வாடிக் கிடந்த செடிகளை வால்டர் நாட் என்ற விவசாயி கொண்டுவந்து பிழைக்க வைத்தார். 1930களில் பழம் விற்பனைக்கு வந்தபோது, தன் பெயரை வைக்காமல் பாய்சனின் பெயரையே வைத்தார்.

பாய்சன்பெரி மிக மிருதுவான பழம். தொட்டால் சாறு கசியும். தூரத்துச் சந்தைக்கு அனுப்பினால் தாங்காது. ஆகவே பழம் அவர்களுடைய சாலையோரக் கடையிலேயே விற்பனையாயிற்று. நாட்டின் மனைவி கோர்டீலியா அந்தப் பழத்தில் ஜாம் காய்ச்சினார். 1934இல் வருகிறவர்களுக்குச் சாப்பாடும் போடத் தொடங்கினார். அந்தப் பண்ணையின் பெயர் ஊரெல்லாம் பரவியதில் பெரும் பங்கு அந்த அம்மையாரின் அடுப்படிக்கு உண்டு.

பாய்சன்பெரிக்கு நல்ல குளிர்காலம் வேண்டும், படர்வதற்குக் கம்பி கட்ட வேண்டும். நம் சிறிய முற்றங்களுக்கு ஏற்றது ஸ்ட்ரோபெரிதான். அதுவும் கலப்பில் பிறந்த செடியே. 1714இல் ஃப்ரெசியே என்ற பிரெஞ்சுக்காரர் சிலி நாட்டிலிருந்து பிரான்சுக்குக் கொண்டுவந்த செடி, அங்கே ஏற்கெனவே இருந்த வட அமெரிக்கச் செடியோடு கலந்து, இன்று நாம் காணும் பெரிய பழம் உண்டாயிற்று.

நடுவது எப்படி?

நாற்றுக்காக அலைய வேண்டாம். ஸ்ட்ரோபெரிச் செடி வளர்ந்ததும் நாலா பக்கமும் கொடி விடும். கொடி மண்ணைத் தொட்ட இடத்தில் ஒரு குட்டிச் செடி வேர் பிடிக்கும். நன்றாக வேர் பிடித்த பிறகு கொடியை வெட்டிவிட்டால் அது தனிச் செடி. பக்கத்து வீட்டில் ஒரு செடி இருந்தால் போதும், அடுத்த வருடம் உங்கள் வீட்டிலும் இருக்கும்.

நிலம் இல்லாதவர்கள் உரச் சாக்கிலும் பழைய பெயின்ட் வாளியிலும் நடலாம். அடியில் ஓட்டை போடுவது முக்கியம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். பாத்தியில் நடுவதென்றால் பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, செடிக்குச் செடி ஓர் அடி இடைவெளி விடுங்கள். தேயிலை வளரும் மண் புளிப்பு மண். அந்தப் புளிப்பு தேயிலைக்கு நல்லது, ஸ்ட்ரோபெரிக்குச் சற்று அதிகம். ஆகவே கொஞ்சம் டொலமைட்டும் நன்றாக மக்கிய சாணமும் கலந்து, சில வாரம் ஆறவிட்டு நடுங்கள். நடும்போது குருத்து மண்ணுக்குள் புதையக் கூடாது, வேரும் வெளியே தெரியக் கூடாது. புதைந்தால் குருத்து அழுகும், தெரிந்தால் வேர் காயும்.

நட்ட செடி வேரூன்றும்வரை வருகிற பூக்களைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் அப்படிக் கிள்ளினால்தான் செடி பலப்படும். செடியைச் சுற்றி மண் தெரியாமல் காய்ந்த மானாப்புல்லைப் பரப்பிவிடுங்கள். பழம் மண்ணில் படாமல் சுத்தமாக இருக்கும், களையும் குறையும். மூன்று வருடத்துக்குமேல் ஒரே செடியை வைத்திருந்தால் பழம் சிறுத்துப்போகும். குட்டிச் செடிகளை எடுத்து வேறு இடத்தில் நட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில இரவுகள் எங்கள் பக்கம் பனி உறைந்துவிடும். பனி பட்ட பூவின் நடுப்பகுதி கறுத்துப்போகும், கறுத்த பூ காய்க்காது. இரவில் ஒரு சாக்கை மேலே விரித்து, விடிந்ததும் எடுத்துவிடுங்கள். பகலிலும் மூடி வைத்தால் தேனீ வராது. தேனீ சரியாக வந்து போகாத பூவில் பழம் கோணலாகத்தான் வரும்.

பெரிய பகை மழைதான். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் பழத்தின் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பூக்கும். ஒரு பழத்தில் வந்தால் பக்கத்துப் பழத்துக்கும் தாவும். கெட்ட பழத்தை உடனே எடுத்து அப்புறப்படுத்துங்கள். மருந்து அடிக்க அவசரப்படாதீர்கள். தோல் உரிக்காமல் தின்கிற பழம் இது. அடித்த மருந்து பிள்ளைகளின் வயிற்றுக்குத்தான் போகும்.

பறிப்பதும் காய்ச்சுவதும்

பூத்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் பழம் சிவக்கும். வாழையையும் மாங்காயையும் பறித்து வைத்துப் பழுக்கவைப்பது போல இதைச் செய்ய முடியாது. பறித்த பிறகு நிறம் கொஞ்சம் மாறினாலும் இனிப்பு ஏறாது. ஆகவே காம்புப் பக்கம்வரை சிவந்த பிறகே பறியுங்கள். பனி ஈரம் காய்ந்த காலை நேரம் நல்லது. பழத்தைப் பிடித்து இழுக்காமல் காம்பை நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். கொழுந்து கிள்ளிப் பழகிய கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அகலமான தட்டில் ஓரடுக்காக வையுங்கள். தின்னும் நேரத்தில் கழுவினால் போதும். கழுவி வைத்த பழம் மறுநாளே கெட்டுவிடும்.

பழம் மிஞ்சினால் ஜாம் காய்ச்சலாம். ஒரு கிலோ பழத்துக்கு முக்கால் கிலோ சீனி, இரண்டு தேசிக்காய். பழத்தைக் காம்பு நீக்கி, சீனியைத் தூவி இரண்டு மணி நேரம் வைத்தால் சாறு விடும். அகன்ற பாத்திரத்தில் அடி பிடிக்காமல் கிளறிக் காய்ச்சுங்கள். பாதி வெந்ததும் தேசிக்காய்ச் சாற்றை விடுங்கள். ஸ்ட்ரோபெரியில் இயல்பாக உறையும் சத்து குறைவு, தேசிக்காயின் புளிப்பு அதற்குக் கை கொடுக்கும். குளிர்ந்த பீங்கானில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளும்போது சுருக்கம் விழுந்தால் பதம் சரி. இறுகுவதற்கு ஜெலட்டின் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை. எந்த மிருகத்தின் ஜெலட்டினோ என்ற சந்தேகமும் நமக்கு வேண்டாம்.

பூவில் பேசிய விலை

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

2021இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022இல் அரிசி, மா, எரிவாயு எல்லாவற்றின் விலையும் ஏறியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கஷ்ட காலத்தில் பலர் முற்றத்தில் எதையாவது நட்டார்கள். எங்கள் பகுதியில் ஒரு தாத்தா இருக்கிறார். (இலங்கையில் மூத்த சகோதரியைத் தாத்தா என்போம்.) கணவர் மௌத்தாகி, மூன்று பிள்ளைகளோடு தனியாக வாழ்கிறவர். வீட்டைச் சுற்றி நாற்பது சாக்குகளில் ஸ்ட்ரோபெரி வைத்தார். செடிகள் நன்றாகப் பூத்தன. அதைப் பார்த்த ஒரு கடை முதலாளி, “இந்த முறை வருகிற பழம் முழுவதும் எனக்கு” என்று மொத்தமாக ஒரு தொகை பேசி, கையில் முன்பணமாகக் கொடுத்துவிட்டார். அவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கஷ்டப்படும் வீட்டுக்கு உதவியாகவும் இருக்கும், தனக்கும் வியாபாரமாகும் என்றுதான் நினைத்தார். தாத்தா அந்தக் காசில் அரிசி வாங்கினார், பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கினார்.

இரண்டு தடவை பழம் பறித்துக் கொடுத்தார். பிறகு மழை பிடித்தது. மிச்சப் பழமெல்லாம் செடியிலேயே அழுகிப்போயிற்று.

முதலாளி காசைத் திருப்பிக் கேட்டார். தாத்தாவிடம் காசு இல்லை. அவருடைய கடையில்தான் தாத்தா கொப்பி போட்டுக் கடனுக்குச் சாமான் வாங்குவது வழக்கம். வெட்கப்பட்டு அந்தக் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். பிள்ளைகளையும் அனுப்பவில்லை. பேச்சு நாலு பேர் வாயில் விழுந்தது. கடைசியில் இருவரும் என்னிடம் வந்தார்கள்.

“மௌலவி, பூவைப் பார்த்துத்தானே முதலாளி காசு தந்தார்? மழை பெய்தது என் குற்றமா?” என்றார் தாத்தா.

“இல்லை தாத்தா, உங்கள் குற்றம் இல்லை. ஆனால் பழமே வராமல் என் காசு மட்டும் போவது நியாயமா?” என்றார் முதலாளி.

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. பிழை அவர்கள் செய்த பேரத்தில் இருந்தது. பழம் பழுக்கும் அடையாளம் தெரிவதற்கு முன்பு அதை மரத்தில் வைத்தே விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டு கிரந்தங்களிலும் அந்த அறிவிப்பு உண்டு. அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பில் பழம் சிவக்கும்வரை என்றும் வருகிறது. அல்லாஹ் அந்தப் பழத்தைத் தராமல் விட்டுவிட்டால், எதற்குப் பகரமாக உன் சகோதரனின் பணத்தை எடுத்துக்கொள்வாய் என்ற கருத்தும் அதிலேயே இருக்கிறது. நம் ஷாஃபிஈ மத்ஹபில், உடனே பறித்துக்கொள்ளும் நிபந்தனை இல்லாமல் இப்படி விற்றால் அந்த வியாபாரம் செல்லாது.

இதை இருவருக்கும் எடுத்துச் சொன்னேன். முதலாளிக்குக் கிடைத்த பழத்தை அன்றைய விலைக்குக் கணக்குப் பார்த்தோம். மீதித் தொகை தாத்தா மேல் கடன் என்று முடிவாயிற்று. கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது குர்ஆன். முதலாளியும் தவணை சொல்லாமல் அவகாசம் கொடுத்தார். அடுத்த வருட வெயில் காலத்துப் பழத்தில் தாத்தா கடனைக் கொடுத்து முடித்தார். இப்போது காலையில் பறித்த பழத்தை நிறுத்துப் பார்த்து, அன்றன்றே காசு வாங்குகிறார். பிள்ளைகள் பழையபடி அந்தக் கடைக்குப் போய்வருகிறார்கள்.

சகோதரிகளே, இது ஸ்ட்ரோபெரிக்கு மட்டும் உரிய சட்டமல்ல. சமதரை ஊர்களில் மாமரத்தையும் ரம்புட்டான் மரத்தையும் பூவிலேயே மொத்தமாகப் பேசிக் கொடுக்கிறோம். காற்றடித்தால் வாங்கியவருக்கு நட்டம். அமோகமாகக் காய்த்தால் விற்றவருக்கு மனத்தாங்கல். இரண்டிலும் உறவு கெடுகிறது. முன்பணம் அவசியம் என்றால் மார்க்கத்தில் ‘ஸலம்’ என்ற வழி இருக்கிறது. இன்ன தரத்துப் பழம், இத்தனை கிலோ, இன்ன நாளில் தருவேன் என்று வரையறுத்து, முழு விலையையும் பேசிய இடத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தச் செடியின் பழம் என்று குறிப்பிட்டுக் கட்டக் கூடாது. நம் செடியில் வராவிட்டால் வேறு இடத்தில் வாங்கியாவது கொடுக்க வேண்டும். அதற்கு முடியுமா என்று யோசித்து, உங்கள் ஊர் ஆலிமிடமும் கேட்டுக்கொண்டு பேசுங்கள்.

பக்கத்து வீட்டுப் பங்கு

“இந்தப் பழத்துக்கு ஸகாத் உண்டா?” என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். நம் மத்ஹபில் பழ வகையில் பேரீச்சைக்கும் திராட்சைக்கும் மட்டுமே ஸகாத் கடமை. ஸ்ட்ரோபெரிக்கு இல்லை. விற்றுச் சேர்த்த காசு நிஸாபை எட்டி ஒரு வருடம் இருந்தால் அந்தக் காசுக்கு ஸகாத் உண்டு.

ஸகாத் இல்லை என்பதால் பங்கே இல்லை என்று ஆகிவிடாது. நம் வீட்டுப் பக்கத்திலே லயத்தில் இருக்கும் பிள்ளையும் வேலியோரம் நின்று அந்தச் சிவப்பைப் பார்க்கிறது. அது முஸ்லிம் வீட்டுப் பிள்ளையா, தமிழர் வீட்டுப் பிள்ளையா என்று பழத்துக்குத் தெரியாது. பறித்த தட்டில் ஒரு பிடி அந்தப் பிள்ளையின் கையில் வையுங்கள். நட்டதிலிருந்து மனிதன் தின்றாலும் பறவை தின்றாலும் நட்டவருக்கு அது ஸதகா என்று நபிமொழியில் வந்திருக்கிறது. கொண்டைக்குருவி கொத்திப்போகும் பழத்துக்கும் கணக்கு இருக்கிறது.

மலைநாட்டுச் சகோதரிகள் இந்த வருடம் ஒரு சாக்கிலாவது ஒரு செடியை வையுங்கள். கொடி விட்டதும் குட்டிச் செடி ஒன்றைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். விற்பதாக இருந்தால் சிவந்த பிறகு, பறித்து, நிறுத்து விற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கை உழைப்பில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.